விலை பேசாமல் சமையலுக்குச் சொல்லிவிட்டீர்களா? பில் எகிறி வந்தால் செய்ய வேண்டியவை

"பாத்துப் பேசிக்கிருவோம் தம்பி. நம்ம வீட்டு விசேசம், காசா பெருசு?"

சமையல்காரர் இப்படிச் சொன்னதும் நான் 20,000 ரூபாய் அட்வான்ஸ் கொடுத்துவிட்டு நிம்மதியாக வீட்டுக்கு வந்துவிட்டேன். தங்கை மகளுக்குப் பாண்டி கோயிலில் காதுகுத்து. தங்கை குடும்பம் கோயம்புத்தூரில் இருப்பதால் மதுரை வேலை முழுக்கத் தாய்மாமன் என் தலையில். கிடா இரண்டும் எங்களுடையவை. மளிகை, காய், சமையல், பரிமாறுவது எல்லாம் அவர் பொறுப்பு. சாயங்காலம் மண்டபத்தைக் காலி செய்கிற நேரத்தில் கோடு போட்ட நோட்டுத்தாளில் கணக்கு வந்தது. இலை 410, இலைக்கு 320 ரூபாய். பாத்திர வாடகை 6,500. பரிமாறிய ஆட்கள் 12 பேருக்கு 10,800. அதற்கு மேல் ஜிஎஸ்டி 5 சதவீதம். மொத்தம் 1,55,925 ரூபாய். தங்கை முகத்தைப் பார்க்க முடியவில்லை.

பத்து நாள் கழித்து, அட்வான்ஸ் போக 64,000 ரூபாய் கொடுத்து முடித்தோம். அவருக்கும் மனக்குறை இல்லை, எங்களுக்கும் இல்லை. முதல் முறையாக விசேஷம் எடுத்துச் செய்கிறவர்களுக்கும், வெளியூரிலிருந்து வந்து மதுரைப் பக்கம் விசேஷம் வைக்கிறவர்களுக்கும் பயன்படட்டும் என்று நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

விலை பேசவில்லை என்றால் யார் சொல்வது விலை?

பில்லைப் பார்த்ததும் வீட்டில் இரண்டு குரல் கிளம்பும். "நாமதான பேசாம விட்டோம், கேட்டதைக் குடுத்துத் தொலைவோம்" என்பது ஒன்று. "பேசவே இல்லையே, ஒத்தப் பைசா கிடையாது" என்பது மற்றொன்று. இரண்டையும் கேட்காதீர்கள்.

சாப்பாடு பொருள், சமைத்துப் பரிமாறுவது வேலை. இரண்டுக்கும் சட்டம் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் சொல்கிறது. 1930-ஆம் ஆண்டின் பொருள் விற்பனைச் சட்டம் 9-ஆவது பிரிவின்படி, விலை நிர்ணயிக்கப்படாதபோது வாங்கியவர் நியாயமான விலையைக் கொடுக்க வேண்டும். எது நியாயம் என்பது அந்தந்தச் சூழலைப் பொறுத்தது. 1872-ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 70-ஆவது பிரிவு, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் செய்த வேலையின் பலனை அனுபவித்தவர் அதற்கு ஈடு கொடுக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. ஆக, சமையல்காரர் எழுதிய தொகைக்கு நீங்கள் கட்டுப்பட்டவர் இல்லை. நியாயமான தொகையைக் கொடுக்காமல் விடவும் முடியாது. இனிமேல் செய்யப் போவதெல்லாம் அந்த நியாயமான தொகை எது என்று கண்டுபிடிக்கிற வேலைதான். அதைச் சண்டை என்று நினைத்தால் பாதி காரியம் கெட்டுவிடும்.

மண்டபத்தை விட்டு இறங்கும் முன்

அந்த நேரத்தில் முழுப் பணத்தையும் கொடுக்காதீர்கள். மொய்ப் பணம் கையில் இருக்கும், உடம்பு அசந்திருக்கும், சொந்தக்காரர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மானத்துக்குப் பயந்து எண்ணிக் கொடுத்துவிட்டால் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அதே நேரம் அவர் கூட்டி வந்த ஆட்கள் அன்றாடக் கூலிக்காரர்கள். இலை எடுத்த அம்மாவும் பாத்திரம் தேய்த்த பையனும் வெறுங்கையோடு பஸ் ஏறக்கூடாது. நான் கூலிக்கென்று 10,000 கொடுக்க முன்வந்தேன். "வேணாம் தம்பி, அட்வான்ஸ்ல இருக்கு, நான் பாத்துக்கிறேன்" என்று அவரே சொல்லிவிட்டார். உங்கள் ஆள் கேட்டால், கூலிக்கு வேண்டிய மட்டும் கொடுத்து "கூலிக்காகப் பெற்றது, கணக்கு பாக்கி" என்று ஒரு வரி எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

பில்லில் "சரி" என்று கையெழுத்துப் போடாதீர்கள். "கணக்கு பாத்துட்டு புதன்கிழமை வர்றேண்ணே" என்று நாள் குறித்துச் சொல்லுங்கள். நாள் சொன்னால்தான் அவருக்கு நம்பிக்கை வரும். வெறுமனே "அப்புறம் பாக்கலாம்" என்றால் ஏமாற்றப் போகிறார்கள் என்றுதான் அவர் நினைப்பார். அவருக்கும் கடன் கொடுத்த மளிகைக்கடை இருக்கிறது.

அவருடைய அண்டாவையும் கரண்டியையும் பிடித்து வைத்துக்கொள்ளவே கூடாது. அவர் உங்கள் சீர்ப்பாத்திரத்தையோ சாமானையோ பிடித்து வைத்து, பணம் கொடுத்தால்தான் தருவேன் என்றால் அதுவும் தவறு. சட்டத்துக்குப் புறம்பாகப் பொருளைப் பிடித்துவைத்து ஒப்புக்கொள்ள வைப்பதை ஒப்பந்தச் சட்டம் கட்டாயப்படுத்தல் என்கிறது. கட்டாயத்தில் கொடுத்த பணத்தைத் திரும்பக் கேட்க 72-ஆவது பிரிவில் இடம் உண்டு. அப்படி ஒரு நிலை வந்தால் பணத்தைக் கொடுத்துப் பொருளை மீட்டுவிட்டு, அன்றைக்கே "மறுப்புடன் கொடுத்தேன்" என்று செய்தி அனுப்பி வையுங்கள்.

பிறகு போனை எடுத்துப் படம் பிடியுங்கள். மிஞ்சிய இலைக்கட்டு, மிஞ்சிய சோறு, குழம்பு அண்டா, சாப்பாட்டு ஹாலில் மேசை வரிசை, ஸ்டோர் ரூமில் மீதமுள்ள சாமான் எல்லாவற்றையும் எடுங்கள். ஐந்து நிமிட வேலை. மண்டபத்தைக் கழுவி விட்டபின் இதில் ஒன்றுகூட மிஞ்சாது.

கணக்கைப் பிரித்து எழுதி வாங்குங்கள்

மறுநாள் வாட்ஸ்அப்பில் கேட்டால் போதும். நான் அனுப்பியது: "அண்ணே, நேத்து சாப்பாடு நல்லா இருந்துச்சு, எல்லாரும் சொன்னாங்க. எத்தனை இலைன்னு எப்படி எண்ணுனீங்க, இலைக்கு 320-ல என்னென்ன சேருது, ஆள் கூலி தனியா ஏன், ஜிஎஸ்டி நம்பர் என்ன, இதைக் கொஞ்சம் பிரிச்சு எழுதி அனுப்புங்க. புதன்கிழமை நேர்ல வந்து முடிச்சிருவோம்."

சாப்பாடு நன்றாக இருந்தால் அதை முதலில் சொல்லிவிடுங்கள். உங்கள் குறை சமையலில் இல்லை, கணக்கில்தான் என்பது அவருக்குப் புரிய வேண்டும். சாப்பாட்டில் குறை இருந்து அதையும் கேட்கப் போகிறீர்கள் என்றால் அதைத் தனியாக, அப்போதே சொல்லுங்கள். பில் வந்தபின் "பருப்பு வேகல" என்று ஆரம்பித்தால் யாரும் நம்ப மாட்டார்கள்.

விசேஷத்துக்கு முன்பு நடந்த வாட்ஸ்அப் பேச்சு, குரல் பதிவு எதையும் அழிக்காதீர்கள். "முந்நூறு, முந்நூத்தம்பது பேர் வருவாங்கண்ணே" என்று நான் அனுப்பிய ஒரு குரல் பதிவுதான் பின்னால் எங்களைக் காப்பாற்றியது.

எத்தனை இலை?

எல்லாரும் இலைக்கு எவ்வளவு என்பதில் போய் முட்டிக்கொள்வார்கள். நான் சொல்வது, முதலில் எண்ணிக்கையைப் பிடியுங்கள். விலையில் ஆளுக்கொரு கருத்து இருக்கும். எண்ணிக்கை அப்படியில்லை, எண்ணிப் பார்த்தால் தெரிந்துவிடும். எண்ணிக்கை சரியானதும் பேச்சின் சூடு தானாகக் குறையும்.

எங்களுக்கு மூன்று வழிகள் இருந்தன. முதலாவது இலை. இலையை நாங்களே வாங்கிக் கொடுத்திருந்தோம், 400. மிஞ்சியது 58. ஆகப் போனது 342. கிழிந்தது, அடியில் போட்டது, சமையல் ஆட்கள் சாப்பிட்டது எல்லாம் அதற்குள் அடக்கம். இலையை அவர் கொண்டுவந்தால் இந்த வழி இல்லை. அப்போது எத்தனை கட்டு வந்தது, கட்டுக்கு எத்தனை இலை என்று இறக்கும்போதே ஒருவர் பார்த்துக் குறித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது பந்தி. சாப்பாட்டு ஹாலில் 80 பேர் உட்காரலாம். நான்கு பந்தி நிறைந்தது, ஐந்தாவதில் 15 பேர். 335 வருகிறது. இதை ஞாபகத்திலிருந்து சொன்னால் எடுபடாது. வீடியோக்காரரிடம் வெட்டி ஒட்டாத முழுப் பதிவைக் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு பந்தியிலும் கேமரா ஒரு சுற்று வந்திருந்தது. பார்த்து எண்ணினோம்.

மூன்றாவது மொய். எங்கள் பக்கம் இப்போது கம்ப்யூட்டர் மொய்தான், கடைசியில் பட்டியலாகவே அச்சடித்துத் தந்துவிடுகிறார்கள். 212 பேர் எழுதியிருந்தார்கள். ஒரு மொய்க்கு ஒருவரும் சாப்பிட்டிருக்கலாம், குடும்பமே சாப்பிட்டிருக்கலாம், ஆகவே இது நேரடிக் கணக்கு ஆகாது. ஆனால் மற்ற இரண்டு எண்களும் ஏறுமாறாக இருக்கும்போது எது நிஜத்துக்குப் பக்கம் என்று காட்டும்.

இங்கே சமையல்காரர் பக்க நியாயம் ஒன்று உண்டு. "வந்தது 335-ஆ இருக்கலாம் தம்பி, நான் ஆக்குனது 410 பேருக்கு" என்றார். நீங்கள் 400 பேருக்கு ஆக்கச் சொல்லி 335 பேர்தான் வந்தார்கள் என்றால், 400-க்குப் பணம் கேட்பது அவர் உரிமை. அரிசியும் மசாலாவும் செலவானது நிஜம். நான் சொன்னதோ அதிகபட்சம் 350. கேட்காத அறுபது பேருக்கு ஆக்கியது அவர் முடிவு. குரல் பதிவைப் போட்டுக் காட்டியதும் அந்தப் பேச்சு நின்றது.

நாங்கள் மறந்திருந்த ஒன்றை அவர்தான் சொன்னார். முதல் நாள் ராத்திரி தங்க வந்த சொந்தபந்தம் 45 பேருக்கு இட்லி, சாம்பார் போட்டிருந்தார், அது பில்லில் இல்லவே இல்லை. தங்கையிடம் கேட்டேன், நிஜம்தான். ஆளுக்கு 80 ரூபாய் என்று 3,600 சேர்த்துக்கொண்டோம். நமக்கு எதிராக வருகிற கணக்கையும் நாமே ஒப்புக்கொண்டால், மற்ற கணக்கில் நம் பேச்சுக்கு மதிப்பு வரும்.

இலைக்கு என்ன விலை?

மூன்று சமையல்காரர்களிடம் விலை கேளுங்கள். போனில் "சாப்பாடு எவ்வளவு" என்று கேட்டால் பயனில்லை. அதே மெனுவை வரி வரியாகச் சொல்லுங்கள். சோறு, கறிக்குழம்பு, சுக்கா, குடல், ரசம், மோர், முட்டை, ஒரு இனிப்பு. கிடா நம்முடையது. 350 பேர். முகூர்த்த நாளா சாதா நாளா என்பதையும் சொல்லுங்கள். முகூர்த்த நாளில் ஆள் கிடைப்பது கஷ்டம், கூலி கூடும். அதைச் சொல்லாமல் குறைந்த விலை வாங்கிக் கொண்டுபோய் நீட்டுவது நியாயமில்லை. பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

எங்களுக்கு வந்தவை 200, 215, 240. அப்போதுதான் 320 எங்கிருந்து வந்தது என்று புரிந்தது. ஆடும் அவரே வாங்கிப் போடுகிற கறிச்சாப்பாட்டு விலை அது. எங்கள் கிடா இரண்டையும் போட்டு, விலையையும் முழுதாகப் போட்டிருந்தார். மதுரைப் பக்கம் கிடா வெட்டு விசேஷங்களில் இந்தக் குழப்பம் வர நிறைய வாய்ப்பு உண்டு. தோல் யாருக்குப் போனது, வெட்டுக்கூலி யார் கொடுத்தது என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

மளிகைச் சாமான் விலையில் சந்தேகம் இருந்தால் கீழமாசி வீதி மொத்தக் கடையில் அந்த லிஸ்டைக் கொடுத்து விலை போட்டு வாங்கலாம். காய்க்கு மாட்டுத்தாவணி மார்க்கெட் அல்லது பரவை. ஆனால் சாமான் விலையைக் கூட்டி அதுதான் நியாயமான விலை என்று வாதாடாதீர்கள். விடிகாலை மூன்று மணிக்கு அடுப்பு பற்ற வைத்தவருடைய உழைப்பும் லாபமும் அதில் சேர வேண்டும். ஹோட்டல் சாப்பாட்டு விலையோடும் ஒப்பிட வேண்டாம், அது வேறு தொழில்.

மேலே ஏற்றிய தொகைகள்

இலைக்கு இவ்வளவு என்று பேசினால், பரிமாறும் ஆள் கூலி பெரும்பாலும் அதற்குள்தான். நாங்கள் விலை கேட்ட மூவருமே அப்படித்தான் சொன்னார்கள். ஆகவே 10,800 இரண்டாவது முறை வந்த தொகை. சாமான் நம்முடையது, சமையல் மட்டும் அவருடையது என்றால் கூலி தனியாக வருவது முறை. பாத்திர வாடகை சிலர் சேர்த்துச் சொல்வார்கள், சிலர் தனி. எங்களுக்கு வாடகைக்கடைச் சீட்டைக் காட்டினார், ஒப்புக்கொண்டோம்.

ஜிஎஸ்டி வெளிச் சமையலுக்கு வழக்கமாக 5 சதவீதம். ஆனால் பதிவு எண் இல்லாதவர் அந்த வரியை வசூலிக்கவே கூடாது. அந்த எண்ணில் எழுத்தும் இலக்கமுமாக மொத்தம் 15 இருக்கும், தமிழ்நாட்டில் பதிந்தது 33 என்று தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் அந்த எண்ணைப் போட்டால் யார் பெயரில், நடப்பில் இருக்கிறதா என்று தெரிந்துவிடும். எங்கள் சமையல்காரரிடம் எண் இல்லை. "எல்லாரும் போடுறாங்க, நானும் போட்டேன்" என்றார். அந்த வரியை அடித்துவிட்டார்.

பேசப் போகும்போது

இரண்டு பேர் போதும். நான் போனேன், அவரை எங்களுக்கு அறிமுகம் செய்த தெருக்காரப் பெரியவரைக் கூட்டிக்கொண்டேன். தங்கை மாப்பிள்ளையை அழைத்துப் போகவில்லை, அவர் கோபத்தில் இருந்தார். கணக்கை ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். 335 இலை, வந்த மூன்று விலைக்கும் நடுவான 220 ரூபாய் வீதம் 73,700. பாத்திரம் 6,500. முதல் நாள் இட்லி 3,600. மொத்தம் 83,800. அட்வான்ஸ் 20,000 போக 63,800.

"ஏமாத்திட்டீங்க" என்ற சொல்லை வாயிலெடுக்காதீர்கள். "அண்ணே, எனக்கு இந்தக் கணக்கு வருது, எங்க தப்புன்னு நீங்களே சொல்லுங்க" என்றேன். ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். 320 என்ற இடத்தில் அரைமணி நேரம் நின்றது. மூன்று பேர் அனுப்பிய விலையைக் காட்டினேன். பெயரைக் காட்ட வேண்டாம், தொழிலில் அவர்களுக்குள் மனஸ்தாபம் வரும். கடைசியில் "சரி, 64,000-ஆ குடுங்க" என்றார். கொடுத்தோம்.

பணம் கொடுக்கும் முறை

ஜிபே அல்லது வங்கி வழியாகக் கொடுங்கள். குறிப்பில் "காதுகுத்து சமையல், முழுக் கணக்கும் தீர்ந்தது" என்று எழுதுங்கள். அவரும் ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போடட்டும். பேச்சு முடியவில்லை என்றால், நீங்கள் நியாயம் என்று கருதும் தொகையை மட்டும் அனுப்பி, எப்படி அந்தத் தொகை வந்தது என்ற கணக்கையும் கூடவே அனுப்புங்கள். ஒன்றுமே கொடுக்காமல் வாதாடுகிறவரைவிட, கொடுக்க வேண்டியதைக் கொடுத்துவிட்டு மிச்சத்துக்கு வாதாடுகிறவர் எங்கே போனாலும் நிமிர்ந்து நிற்கலாம்.

பேச்சு முறிந்தால்

முதலில் எழுத்தில் ஒரு கடிதம். கணக்கு, கொடுத்த பணம், மறுக்கும் தொகை, காரணம், பதிலுக்கு 15 நாள். ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்பி ரசீதை வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்து நான் பரிந்துரைப்பது சட்டப் பணிகள் ஆணைக்குழு. மதுரை மாவட்ட நீதிமன்றத்தில் உள்ள குழுவிடமோ, உங்கள் தாலுகா நீதிமன்றத்தில் உள்ள குழுவிடமோ, வழக்குப் போடும் முன்பே சமரசத்துக்கு மனு கொடுக்கலாம். கட்டணம் இல்லை. இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டு மக்கள் நீதிமன்றத்தில் முடித்தால் அது நீதிமன்றத் தீர்ப்புக்குச் சமம், மேல்முறையீடு கிடையாது. வழி கேட்க, சட்ட உதவி எண் 15100. பெண்களுக்கு வருமான வரம்பு பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு.

நுகர்வோர் வழியும் இருக்கிறது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் நீங்களே மனுப் போட்டு நீங்களே பேசலாம், வக்கீல் கட்டாயமில்லை. கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது. இரண்டு ஆண்டுக்குள் போக வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே மனுப் போடலாம் என்பதால் என் தங்கை மாதிரி வெளியூர்க்காரர்கள் மதுரைக்கு அலைய வேண்டியதில்லை. ஆனால் "விலை அதிகம்" என்பதை மட்டும் வைத்துக்கொண்டு அங்கே போக வேண்டாம் என்பேன். பில் தர மறுத்தது, பொய் எண்ணிக்கை, எண் இல்லாமல் வாங்கிய ஜிஎஸ்டி மாதிரி ஏதாவது ஒன்று கையில் இருந்தால்தான் மனு வலுவாக நிற்கும்.

பணத் தகராறுக்குப் போலீஸ் நிலையம் இடமில்லை, இரண்டு பக்கத்துக்குமே. ஆள் கூட்டி வந்து வீட்டு வாசலில் மிரட்டினால் அது வேறு. 112-ஐ அழையுங்கள். அவர் வழக்குப் போட்டு சம்மன் வந்தால் வாங்காமல் ஓடாதீர்கள். நீங்கள் போகாவிட்டால் அவர் எழுதிய தொகையே தீர்ப்பாகிவிடக்கூடும்.

இந்த வருடம் அம்மாவுக்கு எண்பதாவது பிறந்தநாளுக்கு அதே சமையல்காரரைத்தான் கூப்பிட்டோம். கை மணம் அப்படி. அட்வான்ஸ் கொடுக்கும் முன் வாட்ஸ்அப்பில் நான் அனுப்பியது இது. பெயரும் எண்ணும் மாற்றி நீங்களும் அனுப்பலாம்:

"அண்ணே, ஞாயிறு மத்தியானம் சைவச் சாப்பாடு. பேசுன மெனு மேல இருக்கு. 150 பேருக்கு ஆக்குங்க. இலை, சாமான், கேஸ், பரிமாறுற ஆள், பாத்திரம் எல்லாம் சேர்த்து இலைக்கு 190. இலை உங்களுது, கட்டை இறக்கும்போது என் மருமகன் எண்ணிக்கிருவான், கடைசியில மிச்சத்தையும் எண்ணிக்கிருவோம். 150-க்குக் கீழ வந்தாலும் 150-க்குப் பணம். மேல வந்தா அதே விலை. ஜிஎஸ்டி இல்ல. அட்வான்ஸ் 10,000 இப்ப போடுறேன். சரின்னா சரின்னு ஒரு பதில் போடுங்க."

இரண்டு நிமிடத்தில் பதில் வந்தது. "சரி தம்பி. அம்மாவுக்குச் சர்க்கரை இருக்குல்ல, பாயாசம் அவங்களுக்குத் தனியா வைக்கிறேன்."